கிணற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று: எந்த வாட்டர் ஃபில்டர் வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் சொந்த வீடு. வீட்டில் ஒரு திறந்த கிணறு, ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளியங்கிரி, இடையில் ஒன்றிரண்டு மலையேற்றம். தம்பி குடும்பம் சென்னை வேளச்சேரியில் இருக்கிறது, டிசம்பர் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இந்த மூன்றுக்கும் உதவுகிற மாதிரி நல்ல ஃபில்டர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர் கிடையாது. தண்ணீரில் இருக்கும் கெடுதல் இரண்டு வகை. ஒன்று உயிருள்ளது: பாக்டீரியா, வைரஸ், அமீபா போன்ற ஒட்டுண்ணிகள். இன்னொன்று கரைந்து கிடப்பது: ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு, இரும்பு. முதல் வகையைக் கொல்லலாம், அல்லது சல்லடை போட்டுப் பிடிக்கலாம். இரண்டாவது வகை கொதிக்க வைத்தாலும் சாகாது, சல்லடையிலும் நிற்காது. மலைச் சுனையில் நீங்கள் பயப்பட வேண்டியது முதல் வகைக்கு. உங்கள் போரில் பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கு. வேளச்சேரி வெள்ளத்தில் முதல் வகைதான், ஆனால் சாக்கடையோடு கலந்து, மின்சாரம் இல்லாத நேரத்தில் வருகிறது. எதிரி வேறு வேறு என்பதால்தான் கருவியும் வேறு வேறு.

இதை அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என் அக்கா வீடு பென்னாகரம் போகும் வழியில். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கே வந்த ஒரு விற்பனையாளரிடம் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. மெஷின் ஒன்றை வாங்கினார்கள். தண்ணீர் தெளிவாக வந்தது, கிருமியும் இல்லை. அக்கா நிம்மதியாக இருந்தாள். சின்னவனுக்குப் புதுப் பற்கள் முளைத்தபோது அவற்றில் பழுப்புக் கோடுகள் இருந்தன. அப்போதுதான் நான் தண்ணீரை எடுத்துப் போய்ப் பரிசோதித்தேன். ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம், அதிகபட்ச வரம்பே 1.5தான். யூ.வி. விளக்கு ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. உள்ளே போன அளவு அப்படியே வெளியே வந்திருக்கிறது, ஐந்து வருடம். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தத் தண்ணீருக்கு அது பொருந்தாத மெஷின், அவ்வளவுதான். பல்லில் விழுந்த கோடு இனிப் போகாது. அதனால்தான் மாடல் பெயரைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பரிசோதனை முடிவைக் கேட்கிறேன்.

சரி, முதலில் வீட்டுக் கிணறு. மூன்றில் இதுதான் பெரிய விஷயம், தினமும் குடிப்பது இதைத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்துப் பாறையிலேயே ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் அந்தப் பாறை வெடிப்புகளில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்ளும். அதனால் பொதுவாக ஆழமான போரில் அது அதிகம். மழைநீர் சீக்கிரம் இறங்குகிற திறந்த கிணற்றில் குறைவு. ஆனால் திறந்த கிணற்றில் கிருமியும் நைட்ரேட்டும் அதிகம் வரும், கழிவறைக் குழியும் மாட்டுக் கொட்டகையும் வயல் உரமும் மேலிருந்துதானே இறங்குகின்றன. ஆக, ஒரே காம்பவுண்டுக்குள் உங்களிடம் இரண்டு வேறு தண்ணீர் இருக்கிறது. பல வீடுகளில் இரண்டையும் ஒரே மேல்தொட்டிக்கு ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எதன் குறை எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பரிசோதனைக்குத் தனித்தனியாக எடுங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் செலுத்தித் தனியாரும் பரிசோதிக்கலாம். கேட்க வேண்டியவை: பி.எச்., டி.டி.எஸ். எனப்படும் மொத்தக் கரைபொருள், கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, அப்புறம் கிருமிப் பரிசோதனை தனியாக. ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். ஃப்ளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலிலேயே எடுக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். முடிந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை செய்யுங்கள். கோடைக் கடைசியில் ஒரு முறை, கரைபொருள்கள் செறிவாக இருக்கும் காலம் அது. மழை தொடங்கிய பிறகு ஒரு முறை, கிருமி ஏறும் காலம் அது.

முடிவு கைக்கு வந்தால் இந்திய தரநிலை ஐ.எஸ். 10500-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், டி.டி.எஸ். 500 வரை விரும்பத்தக்கது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மை 200, வேறு வழி இல்லாவிட்டால் 600. ஃப்ளோரைடு 1.0, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, இதற்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

இந்த எண்களைப் பார்த்தபிறகு முடிவெடுப்பது கடினமே இல்லை. டி.டி.எஸ். 500-க்குக் கீழே, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் வரம்புக்குள், கிருமி மட்டும் இருக்கிறது என்றால் கரைந்த உப்பைச் சவ்வு வழியாக அழுத்திப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின் உங்களுக்குத் தேவையே இல்லை. யூ.எஃப். என்ற நுண்சவ்வும் யூ.வி. விளக்கும் சேர்ந்த மெஷின் போதும். அதுவும் வேண்டாம் என்றால் நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டரில் வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். 500-க்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவதைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. காரணம், வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும்.

ஃப்ளோரைடு 1.5-ஐத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. அப்போது வீட்டளவில் நடைமுறையில் உள்ள வழி ஆர்.ஓ., அல்லது ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் ஊக்குவிக்கப்பட்ட அலுமினா நிரப்பிய ஃபில்டர். அலுமினா ஃபில்டருக்கு மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது. ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை ரசாயனம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். எப்போது தீர்ந்துபோனது என்று கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அருகில் அதைச் செய்து தர ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ.தான்.

ஆர்.ஓ. வாங்கும்போது இரண்டு விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. முதலாவது, பல மாடல்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் ருசியாக இருக்க வேண்டும் என்று மெக்கானிக் அதைத் திறந்துவிடுவார். அது செய்வது இதுதான்: சவ்வு வழியாகப் போகாத பழைய தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. உப்பு மட்டுமே பிரச்சினையான ஊரில் அது பரவாயில்லை. உங்கள் ஊரில் அந்தத் திருகு வழியாக ஃப்ளோரைடு திரும்பி வரும். மெஷின் மாட்டுகிற அன்றே அதை முழுக்க மூடச் சொல்லுங்கள், மாட்டிய பின் வரும் தண்ணீரை ஒருமுறை ஃப்ளோரைடு பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, குடிக்க மட்டும் ஆர்.ஓ., உலை வைக்கவும் குழம்புக்கும் போர்த் தண்ணீர் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன, அதோடு ஃப்ளோரைடும் உள்ளே போகிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு ஆவியாகாது. மிச்சமுள்ள தண்ணீரில் அது இன்னும் செறிவாகும். நைட்ரேட்டும் அப்படியே. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க நைட்ரேட் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்தான தவறு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். சமையலுக்கும் ஆர்.ஓ. தண்ணீரையே வையுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர்த் தண்ணீர் தாராளமாகப் போதும்.

இதை எழுதும்போதே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் தெருவில் அந்தக் குழாய் வருகிறது என்றால், அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வது எந்த மெஷினையும் விட மேல். அடுத்தது மழைநீர். நாம் 2003-இல் வீடு வீடாகக் கட்டிய மழைநீர் சேகரிப்பு எல்லாம் பெரும்பாலும் நிலத்துக்குள் விடுவதற்குத்தான். கூடவே மொட்டை மாடித் தண்ணீரை மூடிய தொட்டி ஒன்றில் பிடித்தால், முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்தால், அதில் ஃப்ளோரைடு இருக்காது என்றே சொல்லலாம். கிருமிக்கு மட்டும் குளோரினோ கொதிநீரோ போதும். 5,000 லிட்டர் தொட்டி என்றால், நாளைக்கு 20 லிட்டர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தாலும் எட்டு மாதம் வரும். புது வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. குடத்தில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறமானால் அது இரும்பு. காற்றுப்பட்டால் துருவாகப் படிவதால், தொட்டியில் ஷவர் மாதிரி தெளித்து விழவிட்டு மணல் ஃபில்டர் வழியாக விட்டாலே பெரும்பகுதி போய்விடும். இதைச் செய்யாமல் நேராக ஆர்.ஓ.வுக்கு விட்டால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கடினத்தன்மைக்கு, அதாவது ஹீட்டரிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிகிறதே அதற்கு, சாஃப்ட்னர் போடலாம். அது குழாயைக் காப்பாற்றும் வேலை, குடிநீருக்கு அவசியமில்லை.

கடைக்காரர் செய்து காட்டும் ஒரு வித்தையையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் விடுவார். உங்கள் தண்ணீர் கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஆகும். அவருடையது அப்படியே இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்தது. தாது உப்பு உள்ள எந்த நல்ல தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. அந்தக் கருவியை வைத்து யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதே மாதிரி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் கிருமியையும் காட்டாது, ஃப்ளோரைடையும் தனியாகக் காட்டாது. சாக்கடை கலந்த தண்ணீர்கூட அதில் 300 காட்டலாம். அதன் உண்மையான பயன் வேறு: மெஷின் புதிதாக இருக்கும்போது உள்ளே போகும் எண்ணையும் வெளியே வரும் எண்ணையும் குறித்து வையுங்கள். 900 போய் 70 வந்த இடத்தில் ஒரு நாள் 250 வந்தால் சவ்வை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். யூ.வி. விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஓராண்டுப் பயன்பாட்டில் அதன் வீரியம் குறைந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

எந்த மெஷின் போட்டாலும் கிணற்றைச் சுற்றியுள்ளதைச் சரிசெய்யாமல் பயனில்லை. கழிவறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிணற்றுச் சுவர் தரைக்கு மேலே எழும்பி, சுற்றிலும் சிமெண்டுத் தளம் வெளிப்பக்கம் சாய்ந்து, மேலே வலை மூடியிருக்க வேண்டும். கிருமி வந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர். அளவு தெரியாமல் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். நல்ல பவுடராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், ஆக இந்தக் கிணற்றுக்கு 24 கிராம் அளவில். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இரட்டிப்பு. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்கு நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் விடக் கூடாது, தண்ணீர் இன்னும் கடினமாகும். மேல் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி நன்றாக மேலும் கீழும் அலசுங்கள். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். திறந்துவைத்த பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும்; மூடிய புதுப் பாக்கெட்டாக வாங்குங்கள். ராத்திரி போட்டால் காலைக்குச் சரியாக இருக்கும்.

இப்போது மலை.

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று வழியில் ஊற்றுகள் உண்டு. அந்தத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், வடிகட்டக் கூடாது என்பார்கள். எனக்கும் அந்த மலைமேல் பக்தி உண்டு. ஆனால் பிப்ரவரியிலிருந்து மே வரை ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் பாதையில் கழிப்பிட வசதி எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். ஊற்று பிறக்கும் இடம் தூய்மைதான், அதற்கு மேலே சரிவில் நடப்பது அதில் வந்து சேரும். காப்புக்காட்டில் தீ மூட்டத் தடை, அதனால் கொதிக்க வைக்கும் பேச்சுக்கும் இடமில்லை. பிளாஸ்டிக்கையும் அடிவாரத்திலேயே சோதிக்கிறார்கள். ஆகவே ஒரு நல்ல எவர்சில்வர் பாட்டிலும் கையடக்க ஃபில்டரும்தான் வழி.

இதற்கு ஏற்றது நுண்குழல் ஃபில்டர். உள்ளே நூல் மாதிரி நூற்றுக்கணக்கான குழல்கள், அவற்றின் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளைகள். பாக்டீரியா ஏறக்குறைய அரை மைக்ரானிலிருந்து இரண்டு மைக்ரான் வரை இருக்கும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் கூடுகள் 8 முதல் 12 மைக்ரான். இவை எதுவும் தாண்டாது. சாயர், லைஃப்ஸ்ட்ரா போன்ற பெயர்களில் இங்கே கிடைக்கின்றன. உறிஞ்சு குழல் வடிவத்தில் வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சுனையருகே குனிந்து குடிக்க மட்டும் உதவும். பாட்டிலில் நிரப்பிக் கொண்டுபோக முடியாது, கூட வரும் பெரியவருக்கு ஊற்றித் தரவும் முடியாது. பையில் தண்ணீர் பிடித்துப் பிழிகிற வகை, எடை நூறு கிராமுக்கும் குறைவு, அதை எடுங்கள். கூடவே வரும் ஊசிக்குழலால் தலைகீழாகச் சுத்தத் தண்ணீரை அடித்துக் கழுவினால் ஓட்டம் திரும்பிவிடும். அழுக்குத் தண்ணீர்ப் பைக்கும் சுத்தமான பாட்டிலுக்கும் அடையாளம் போட்டுவிடுங்கள். வடிகட்டியதை அழுக்குப் பையின் கழுத்தில் பட்ட பாட்டிலில் பிடித்துக் குடித்து நோய் வாங்கியவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. நனைந்த நுண்குழல் ஃபில்டர் ஒரு தடவை உறைந்துவிட்டால் குழல்கள் வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரி அவலாஞ்சியில் கூடாரம் போட்டால் உறைபனி உண்டு. இமயமலைப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். இரவில் படுக்கைப் பைக்குள் உடம்போடு வைத்துத் தூங்குங்கள். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் அனுமதி பெற்ற முகாமில் அடுப்பு இருந்து கொதிக்க வைப்பதானால் தளதளவென்று மூன்று நிமிடம். கீழே ஒரு நிமிடம் போதும்.

ஆனால் இந்தத் துளைகளில் வைரஸ் நிற்காது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸின் அளவு சுமார் 0.03 மைக்ரான்தான், ஃபில்டரில் தாராளமாக நுழைந்து வந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத மலையில் அந்த ஆபத்து குறைவு. கூட்டம் ஏறும் மலையில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் ஒரு பட்டை குளோரின் மாத்திரை பையில் இருக்கட்டும். இது வேளச்சேரிக்கு இன்னும் பொருந்தும்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதியில் நடந்தது ஒரே மாதிரி. தெருவில் சாக்கடையோடு நின்ற தண்ணீர் தரைக்குக் கீழுள்ள சம்புக்குள் இறங்கியது. மின்சாரம் போனதால் மோட்டார் இல்லை, சுவரில் தொங்கிய ஆர்.ஓ.வும் யூ.வி.யும் வெறும் பெட்டிகள். கேன் தண்ணீர் வண்டி வர வழியில்லை. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பியதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனவே அவசரத்துக்கு வாங்கும் எதுவும் மின்சாரமில்லாமல் வேலை செய்ய வேண்டும்.

தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டியது ஃபில்டர் இல்லை, சேமிப்பு. நான்கு பேருக்கு, ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், மூன்று நாளைக்கு 36 லிட்டர். அதாவது மூடி பிரிக்காத இரண்டு 20 லிட்டர் கேன். அக்டோபரில் வாங்கி உயரமான இடத்தில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் புதிது வைத்தால் போதும். செலவு மிகக் குறைவு, எந்த ஃபில்டரைவிடவும் நம்பகமானது.

அது தீர்ந்தபிறகு வருவது இரண்டடுக்குக் காவல்: மேலே தொங்கவிட்டால் தானாக இறங்கும் நுண்குழல் ஃபில்டர் ஒன்று, குளோரின் மாத்திரை ஒரு பட்டை. இரண்டும் வேண்டும். ஃபில்டர் வைரஸை விட்டுவிடும், குளோரின் அதைக் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது. ஆனால் அது 4 முதல் 6 மைக்ரான், ஃபில்டரில் நின்றுவிடும். ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. வரிசையும் முக்கியம். கலங்கல் தண்ணீரானால் முதலில் படிகாரத் துண்டைச் சில சுற்றுச் சுழற்றித் தெளியவிடுங்கள். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைத்ததும் இதே வேலைதான். பிறகு மடித்த துணியில் வடிகட்டி, அப்புறம் ஃபில்டர், கடைசியில் மாத்திரை. பட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கும், அதன்படி போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீரில் நேராக மாத்திரை போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும்.

துணி என்றதும் அலட்சியம் வேண்டாம். வங்கதேசக் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல் குழுவினர் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பல மடிப்பாக மடித்த பழைய சேலையில் தண்ணீரை வடிகட்டியதாலேயே காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த உயிர்கள் துணியில் நின்றுவிடும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலையின் இழைகள் நெருங்கிப்போவதால் புதுச் சேலையைவிட அது நன்றாக வடிகட்டும். கையில் ஒன்றுமே இல்லாத நாளில் இது உதவும், மற்ற நாட்களில் முதல்கட்ட வடிகட்டல் மட்டும்.

கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பதே எல்லாவற்றிலும் உறுதி, மூன்று வகைக் கிருமியும் அதில் சாகும். ஆனால் வெள்ளத் தண்ணீரில் பெட்ரோல், டீசல், பூச்சிமருந்து வாடை அடித்தால் எந்த வழியிலும் அதைக் குடிநீராக்க முடியாது, கொட்டிவிடுங்கள். சுத்தப்படுத்திய தண்ணீரைக் குழாய் வைத்த பாத்திரத்தில் வையுங்கள். ஆளாளுக்குக் கைவிட்டுச் சொம்பில் மொண்டால் இவ்வளவு நேரப் பாடும் வீண். வெள்ளம் வடிந்ததும் சம்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

ஆகவே நீங்கள் இப்போது வாங்க வேண்டியது இரண்டுதான்: பிழிகிற வகை நுண்குழல் ஃபில்டர் ஒன்று, குளோரின் மாத்திரை இரண்டு பட்டை. ஒரு பட்டை உங்கள் மலைப் பைக்கு, இன்னொன்று தம்பிக்கு. தொங்கும் ஃபில்டரை ஐப்பசிக்குள் தம்பியே வாங்கிக்கொள்ளட்டும். வீட்டு மெஷினுக்கு இன்னும் பணம் எடுக்காதீர்கள். கிணற்றிலும் போரிலும் தனித்தனியாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, முடிவில் வரும் ஃப்ளோரைடு, நைட்ரேட், டி.டி.எஸ்., இரும்பு எண்களை எழுதி அனுப்புங்கள். எந்தத் தண்ணீரை எந்தத் தொட்டிக்கு ஏற்றுவது, அதற்கு என்ன மெஷின் என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.